சாமி வந்த குரல்

எங்கள் தோட்டத்தில் பாடுகிற பெண்கள் இரண்டு வகை. மாரியம்மன் திருவிழாவில் கடைசி நாள் ராத்திரி மேடையேறி, மைக்கைப் பிடித்து, பி. சுசீலா பாட்டை வானொலியில் கேட்டபடியே ஒரு நெளிவும் பிசகாமல் இறக்கி வைப்பவர்கள் முதல் வகை. அவர்களுக்குக் கைத்தட்டல் உண்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணி கையால் எவர்சில்வர் தட்டு உண்டு, கல்யாணப் பேச்சில் “பிள்ளை நல்லாப் பாடும்” என்று ஒரு வரி கூடுதலாகவும் உண்டு. இரண்டாம் வகைக்குப் பாட்டுக்காரி என்ற பெயரே கிடையாது. வெளிக்காட்டில் புல் வெட்டும்போதும், சாவு வீட்டு வாசலிலும், கரகம் எடுக்கும் நேரம் உறுமி ஏறும்போதும் அவர்கள் வாயிலிருந்து வந்ததற்கு ஒப்பாரி என்றோ குலவை என்றோ சாமி வந்து கத்துகிறாள் என்றோதான் பெயர். பாட்டு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் பெரிய அத்தை இரண்டாம் வகை. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிலியாவுக்கும் ரந்தாவுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து பால் வெட்டியவர். கட்டைக் குரல். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் இந்தக் கோடியில் நின்று அவர் யாரையாவது கூப்பிட்டால், அந்தக் கோடியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிடுவதாக நினைத்து ஆட்கள் வெளியே வருவார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தையும் சேர்ந்து சிரிப்பார்.

எங்களுக்கு நல்ல குரல் எது என்று சொல்லிக்கொடுத்தது வானொலிதான். அரசாங்க வானொலியின் தமிழ்ப்பிரிவு, அப்புறம் வந்த தனியார் வானொலி, சம்பள நாளில் சிரம்பான் கடைத்தெருவில் வாங்கிவரும் கேசட்டு, எல்லாவற்றிலும் பெண் குரல் என்றால் மெலிந்து, உயர்ந்து, தேன் தடவி வரவேண்டும். ஜானகி அம்மாவின் குரலை நான் குறைசொல்லவில்லை; இன்றைக்கும் அவர் பாட்டு ஒன்று எங்கேயாவது ஒலித்தால் நின்றுவிடுகிறேன். ஆனால் அந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு நாங்கள் அத்தையைக் கேட்டோம்.

2001இல் நான் செனவாங் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே வரிசையில் நின்ற சீன நண்பன் ராக் பைத்தியம். லண்டனிலிருந்து வரும் இசைப் பத்திரிகைகளைப் பழைய விலைக்கு வாங்கி, படித்துவிட்டு என்னிடம் தருவான். அப்படி வந்த ஒன்றில் அந்த ஆண்டு மெர்க்குரி பரிசுக்கான பட்டியல் இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓராண்டில் வந்த ஆல்பங்களில் சிறந்ததற்குக் கொடுக்கும் பரிசு. ரேடியோஹெட், கொரில்லாஸ், கோல்ட்ஃபிராப், எல்போ, பி.ஜே. ஹார்வி என்று போன பட்டியலில் திடீரென்று ஒரு பெயர்: சுசீலா ராமன். ஆல்பம், சால்ட் ரெய்ன். சுசீலா என்றால் எங்களுக்கு ஒரே சுசீலாதான். இது யாருடா இன்னொன்று என்று இருந்தது.

தமிழ்ப் பெற்றோருக்கு 1973இல் லண்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னியில் வளர்ந்தவர். வீட்டில் கர்நாடக சங்கீதம். பதின்ம வயதில் சொந்தமாக ராக் குழு. தொண்ணூறுகளின் நடுவில் இந்தியாவுக்குப் போய் சுருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டு, பிறகு லண்டன் திரும்பியிருக்கிறார். அங்கே சாம் மில்ஸ் என்ற கிட்டார்காரரோடு சேர்ந்தார். அந்த மில்ஸ் அதற்கு முன்பு வங்காளத்துப் பாவுல் பாடகர் பபன் தாஸோடு ஒரு ஆல்பம் செய்தவர். இதெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்ட விவரம். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பெயர் மட்டும்.

அந்தப் பரிசை அறிவித்த ராத்திரி 2001 செப்டம்பர் 11. ஹார்விக்குத்தான் கிடைத்தது. அவர் அன்றைக்கு வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் இருந்தார். தொலைபேசியில் நன்றி சொன்னார். நியூயார்க் நகரத்தைக் காதலித்துப் பாடிய ஆல்பம், அந்த நகரம் எரிந்த நாளிலேயே பரிசு வாங்கியது. உலகமே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பட்டியலில் இருந்த தமிழ்ப் பெண்ணைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

சால்ட் ரெய்ன் சிடியை நண்பன்தான் கோலாலம்பூரில் தேடிப்பிடித்தான். உண்மையைச் சொன்னால் அது எனக்கு அப்போது முழுசாக ஒட்டவில்லை. தீட்சிதரின் கணபதி கிருதி, தியாகராஜரின் நகுமோமு, மைசூர் வாசுதேவாச்சாரியாரின் மாமவது, எல்லாம் கிட்டாரும் தபேலாவும் சேர்ந்து வந்தன. நல்ல கூட்டு. ஆனால் தோட்டத்துப் பையனுக்குக் கர்நாடக சங்கீதம் என்பது சிரம்பானில் வக்கீல் வீட்டிலிருந்து கேட்பது. அது என் தெருவுக்கு வந்ததில்லை. கிட்டார் சேர்ந்தால் மட்டும் அது எனக்குச் சொந்தமாகிவிடுமா? டிம் பக்லியின் சாங் டு த சைரன் பாட்டை அவர் பாடியிருந்ததுதான் திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகாமல் அப்படியே நிறுத்திவைக்கும் தைரியம் அந்தப் பாட்டில் இருந்தது. குரலும் மெலியவில்லை, தேன் தடவவில்லை. நெஞ்சிலிருந்து வந்தது. அது யாருடைய குரலை நினைவுபடுத்துகிறது என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

நடுவில் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2003இல் லவ் ட்ராப், 2005இல் மியூசிக் ஃபார் குரோக்கடைல்ஸ். பின்னதில் உள்ள ஒரு பாட்டை மீரா நாயர் தன் நேம்சேக் படத்தில் வைத்துக்கொண்டார். 2007இல் 33 1/3 என்று ஓர் ஆல்பம். ஹென்ட்ரிக்ஸ், டிலன், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்று அடுத்தவர் பாட்டுகளை எடுத்துத் தன் குரலுக்குத் தைத்துப் போட்டது. அதே சமயம் எங்கள் பையன்கள் எல்லாரும் ராப் பாடகர் யோகி பி-யின் வல்லவனைத் தலைகீழாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். 2006இல் வந்த அந்த ஆல்பம் கோலாலம்பூர்த் தமிழை மெட்ராஸ் வரைக்கும் கொண்டுபோனது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், முன்னால் நிற்பது ஆண் குரல்தான்.

பிறகு 2011இல் வேல் வந்தது.

அதற்குள் தோட்டம் போய்விட்டிருந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையும் நிற்காமல் நிலம் கைமாறியது. நாங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பேட்டை வீட்டுக்கு வந்தோம். இரண்டு அறை, முன்னால் இரும்புக் கதவு, பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவர். அத்தையும் இல்லை. பால் வாளி தூக்கித் தேய்ந்த தோளோடு கடைசிக் காலத்தை அந்த அறைகளில் ஒன்றில் கழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேல் ஆல்பத்தில் பால் என்ற பாட்டைச் சத்தமாகப் போட்டேன். பழனிக்குக் காவடி எடுப்பவர்கள் பாடும் பழைய பாட்டுதான் அது. பத்துமலைப் படியில் எத்தனையோ முறை கேட்டது, அரோகராவுக்கு நடுவில் காதில் விழுந்தும் விழாமலும் போனது. இவர் அதை அவசரமில்லாமல் எடுக்கிறார். ஒவ்வொரு வரியும் அடுத்த வரியின் தோளில் ஏறி நிற்கிறது. கிட்டார் கூடவே கனத்துக்கொண்டு போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அவர் பாடுகிறாரா, பாட்டு அவரை இழுத்துக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. குரல் உடைகிறது. உடைந்ததை அவர் ஒட்டவைக்கப் பார்ப்பதில்லை.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

“யாருடா இது? சாமி வந்தவ மாதிரி?”

“லண்டன்ல இருக்கற பொம்பளம்மா. தமிழ்தான்.”

“எந்த ஊரு தமிழ்? வாயி ஒரு மாதிரி இருக்கே.” கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “உங்க அத்த கரகத்துக்கு முன்னால இப்படித்தான்” என்றார்.

எனக்குப் பத்து வருஷமாகப் பிடிபடாத ஒன்றை அம்மா குழம்பு கொதிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் திருவிழாவை நினைத்துப் பார்க்கிறேன். லயத்துப் பையன்கள் உறுமி மேளம் கட்டுவார்கள். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் வரும். அடித்து எழுப்பும் ஓசை இல்லை, உரசி இழுக்கும் ஓசை. அது வயிற்றில் வந்து இறங்கும். மின்கிட்டாரின் சத்தத்தைக் கலங்கடித்து, கிழித்து, இழுத்து நீட்டுவதை ராக் இசைக்காரர்கள் அறுபதுகளில் கண்டுபிடித்ததாக எழுதுவார்கள். உறுமிக்காரனிடம் அதைச் சொன்னால் சிரிப்பான். அந்த முனகல் ஏறி ஏறி ஓர் இடத்துக்கு வரும்போது அத்தை தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். அவ்வளவுதான், கூட்டம் விலகிவிடும். அவர் வாயிலிருந்து முதலில் சொல் வராது. பிறகு பாதிச் சொல் வரும். பிறகு பாட்டு. நாலு வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில், வேறு உயரத்தில். மேளக்காரன்தான் அவருக்குப் பின்னால் ஓடவேண்டும். மேடையில் சினிமாப் பாட்டுப் பாடிய அக்காமார்கள் மேளத்துக்குப் பின்னால் ஓடினார்கள். அத்தை விஷயத்தில் அது தலைகீழ்.

தோட்டத்து நிர்வாகத்துக்கு அத்தை செக்ரோல் என்ற பதிவேட்டில் ஓர் எண். வீட்டில் மருமகள், மாமியார். அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் மண்டோரும் கிராணியும் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். இதை விடுதலை என்று பெரிய வார்த்தை போட்டு எழுத எனக்கு இஷ்டமில்லை. மறுநாள் காலையில் அதே மண்டோர் மரப்பட்டையில் காயம் பட்டதென்று அதே அத்தையை ஏசுவார். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் மெலிந்து தேன் தடவி வந்திருந்தால் யாரும் விலகி வழிவிட்டிருக்க மாட்டார்கள்.

சுசீலா ராமன் அந்தக் குரலைப் பிடித்துவிட்டார் என்பதுதான் வேல் ஆல்பம் எனக்குச் செய்த காரியம். தமிழ்நாட்டுக்குப் போய், கோயில் வாசல் பக்திப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. என்னப்பனே என்ற பாட்டையும் கேளுங்கள். பஜனை மடத்துப் பாட்டு ராக் மேடைக்கு வந்ததும் கூச்சப்பட்டு நிற்கவில்லை. அது அங்கேயே பிறந்தது போல நடந்துகொள்கிறது. சபாவில் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டும் தமிழ்நாட்டுக்காரருக்கு இது சரிப்பட்டு வருமோ என்னவோ. முருகன் பாட்டை இப்படிக் கத்தலாமா என்று கேட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அவர் அதைக் கேட்கட்டும்.

குறையும் உண்டு. முருகன் பாட்டுகளுக்கு நடுவே வரும் ஆங்கிலப் பாட்டுகளில் அந்த வேகம் தளர்கிறது, ஆள் தரையிறங்கிவிடுகிறார். உச்சரிப்பும் வெளியூரில் வளர்ந்தவருடையதுதான், அம்மா சொன்னது சரி. ஆனால் எங்கள் உச்சரிப்பையும் மதுரைக்காரர் கேட்டால் அப்படித்தானே சொல்வார்.

அதே 2011இல் ஹார்வியும் ஒரு ஆல்பம் போட்டார், லெட் இங்கிலாந்து ஷேக். அதற்கும் மெர்க்குரி கிடைத்தது. இரண்டு முறை அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர்தான். அந்த ஆல்பம் டோர்செட் கடலோரத்துத் தேவாலயம் ஒன்றில் வைத்துப் பதிவு செய்தது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் பத்து வருஷம் கழித்து ஆளுக்கொரு பக்கம் தங்கள் பூர்விகத்தைத் தேடிப் போயிருந்தார்கள். ராமன் போன இடத்தில் சாமி இருந்தது. ஹார்வி போன இடத்தில் பிணம் இருந்தது. 1915இல் கலிப்போலியில் செத்தவர்களை அவர் கவிதையாக எழுதி, மெல்லிசான உயர்ந்த குரலில், ஆட்டோஹார்ப்பை மீட்டிக்கொண்டு பாடுகிறார். சத்தமே போடுவதில்லை. மண்ணும் மரமும் எலும்பும் அந்த வரிகளில் வந்துகொண்டே இருக்கின்றன.

அதில் தி குளோரியஸ் லேண்ட் என்று ஒரு பாட்டு. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்; நடுவில் ராணுவ பியூகிள் சத்தம் குறுக்கே வரும். தாளத்தோடு சேராது. தவறிப்போய் வேறொரு ரேடியோ ஓடுகிறதோ என்று எழுந்து பார்க்கத் தோன்றும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். முதல்முறை கேட்டபோது எனக்குத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுச் சங்குதான் ஞாபகம் வந்தது. விடிவதற்கு ரொம்ப முன்னால் ஊதும். கனவில் இருந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், முந்தின ராத்திரி யாராவது செத்துக் கிடந்தாலும் அது ஊதும். நம் நேரத்தோடு அது ஒருநாளும் சேர்ந்ததில்லை. அந்த ஆல்பத்தின் இங்கிலாந்தும் எங்கள் லயமும் ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு கோடிகள்தானே. சங்கு ஊதச் சொன்னவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தாத்தாவின் தம்பி சயாம் மரண ரயிலுக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். காஞ்சனாபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்குப் புல் வெட்டிச் சீராக வைத்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறத்தாழ 7000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர். எங்கள் ஆட்கள் மொத்தமாகக் குழியில் போனவர்கள்.

அந்தச் சின்னத் தாத்தாவுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் படையல் போடும்போது அத்தை ஒப்பாரி வைப்பார். அவர் பார்த்தேயிராத சிற்றப்பா அது. பாட்டியிடமிருந்து வாங்கிக்கொண்ட துக்கம். மழை, காட்டு மூங்கில், வெட்டிப்போட்ட கட்டை, கஞ்சிக்கு நின்ற வரிசை என்று ஒவ்வொன்றாக வரும். ஹார்வியின் வரிகளில் எப்படி ஒரு மலைமுகடும் ஒரு செடியும் பெயரோடு வருகின்றனவோ அப்படி. நாங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் முறுக்கு மேல் கண் வைத்து, எப்போது முடியும் என்று நின்றிருப்போம். வீட்டில் கேசட் ரெக்கார்டர் இருந்தது, வெற்றுக் கேசட்டும் இருந்தது. வானொலியில் வந்த சினிமாப் பாட்டுகளை அதில் பிடித்தோம்.

சுசீலா ராமன் 2018இல் கோஸ்ட் கேமலான் என்று ஓர் ஆல்பம் போட்டார். ஜாவாவில், கேமலான் என்ற கோங்கு வாத்தியத் தொகுதியை வாசிக்கும் சோலோ நகரத்து இசைக்காரர்களோடு சேர்ந்து செய்தது. அதைக் கேட்டபோது நெகிரிக்காரனான எனக்கு வேறு ஒரு சந்தோஷம். இங்கே மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரர்கள் கல்யாணத்தில் சக்லெம்போங் வாசிப்பார்கள். சின்னச் சின்னக் கோங்குகளை வரிசையாக அடுக்கி, குச்சியால் தட்டுவது. தோட்டத்து எல்லையைத் தாண்டி மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து சனி ராத்திரிகளில் அந்த ஓசை வரும். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அதைக் கையால் தொட்டோம். என் தங்கச்சி இடைநிலைப் பள்ளியில் சக்லெம்போங் குழுவில் இருந்தாள். குழுவில் ஒரே தமிழ்ப் பெண். ஒத்திகை முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அவளுக்குத்தான் கோஸ்ட் கேமலானைப் போட்டுக் காட்டினேன். காதைச் சாய்த்து இரண்டு பாட்டு கேட்டாள்.

“அண்ணே, சுதி சேரலயே.”

“கேமலானுக்கு அது சொந்தச் சுதி. ஒவ்வொரு செட்டுக்கும் ஒவ்வொண்ணு. அவங்கதான் அதுக்குள்ள போயி நிக்கிறாங்க.”

“நிக்கல. வழுக்கிட்டுப் போறாங்க.” இன்னொரு பாட்டு ஓடவிட்டாள். “ஆனா வழுக்கறது நல்லா இருக்கு.”

அவளோடு பள்ளியில் வாசித்த மலாய்த் தோழி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சக்லெம்போங் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு அனுப்புகிறேன் என்று தங்கச்சி வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் பதில் வந்தது. பாடுகிற அக்கா பரவாயில்லை, ஆனால் அந்தக் கோங்குகளுக்கு இசை அமைத்தவர் யார், அவருடையது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். கோன்ட்ரோங் குனார்த்தோ என்று எழுதி அனுப்பினேன்; கூடவே வேல் ஆல்பத்தையும், கேட்காமலே.